மூடாமல் விட்ட சிடி

போன வாரம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாப்பில் மூத்தவளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். அவள் செய்தது ஒன்றுமில்லை. வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள், அவ்வளவுதான். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சின்னவன்தான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"எதுக்குப்பா அக்கா கையப் புடிச்சு இழுத்தீய? கை காட்டாம பஸ்ஸு எப்படி நிக்கும்?"

எனக்கு வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு, "சாப்புடுலே பேசாம" என்று அவனை அடக்கிவிட்டாள். அவளுக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். மற்றவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்துப் பழக்கமே தவிர, நானாக எழுதிப் பழக்கமில்லை. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மக்களே.

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற நம் கடையை நீங்கள் இருவரும் கேலி செய்வது எனக்குத் தெரியும். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் எல்லாம் உங்களுக்குச் சரிதான். சிடி போடுவதைத்தான் கண்டால் சிரிப்பு. "உலகத்துல சிடி வாங்குத கடைசி ஆளு எங்கப்பாதான்" என்று மூத்தவள் சிநேகிதிகளிடம் சொல்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் அதற்கு வாயே இல்லாமல் போய்விட்ட காலத்தில் நான் தனியாக ஒரு சிடி ரைட்டர் வாங்கி வயரில் மாட்டி வைத்திருக்கிறேன். காரணம் இதுதான். வழக்குக்கு வருகிறவர்கள் கேமரா படத்தைக் காட்ட வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் இன்னும் சிடியிலோ டிவிடியிலோதான் கேட்கிறார்கள். செல்போனை ஃபைலோடு சேர்த்துக் கட்ட முடியாது. சிடியை உறையில் போட்டு நூலில் கோத்துக் கட்டிவிடலாம்.

அப்படி வருகிற படங்களில் கல்யாணமா இருக்கும்? அடிதடி, திருட்டு, விபத்து. ஆரம்பத்தில், போட்டு முடித்த ஒவ்வொரு சிடியையும் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பேன். சரியாக ஓடவில்லை என்றால் பாவம், அவர்கள் திரும்பவும் அலைய வேண்டுமே. ஆனால் படத்தில் நடந்துபோனவர்கள் என்னோடு கூடவே வர ஆரம்பித்தார்கள். கொக்கிரகுளத்தில் ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது, மத்தியானம் திரையில் பார்த்த சட்டையை நடைபாதையில் யாரோ ஒருவர் போட்டுக்கொண்டு போவார். அவர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நான் கண்ணை எடுக்க மாட்டேன். திரும்பினால் வேறு ஆளாக இருப்பார். சில நாள் திரும்பாமலே போய்விடுவார்.

அப்போதுதான் சாப்ட்வேரில் இருக்கிற அந்தச் சின்னப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பெரிய பொத்தான் எல்லாருக்கும் தெரியும்: 'பர்ன்'. அழுத்தினால் வேலை முடிந்துவிடும். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அட்வான்ஸ்டு' என்று இருக்கும். யாரும் தொட மாட்டார்கள். நானும் பல காலம் தொட்டதில்லை. உள்ளே போனால் டிக் அடிக்க வேண்டிய கட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒன்று வேகம். ஒன்று செஷன். ஒன்று, முடிந்ததும் சிடியை மூடலாமா வேண்டாமா. இன்னொன்று 'வெரிஃபை'. கடைசியில் சொன்ன இதற்கு அர்த்தம் புரிந்த அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. எழுதியதையும் மூலத்தையும் எந்திரமே ஒத்துப் பார்த்து, சரி என்று சொல்லிவிடும். மனுஷன் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அதிலிருந்து எந்தப் படத்தையும் நான் ஓட்டிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ராதாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த அம்மா வந்தது தசரா முடிந்து சில மாதம் கழித்து. கூட ஒரு வாலிபர். அவர் கடைக்குள் வராமல் வாசல்படியிலேயே நின்றார். அந்த அம்மா ஒரு சிடி உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இதுல படம் இல்லன்னு கோர்ட்டுல திருப்பிக் குடுத்துட்டாவ. வக்கீலு உங்க கடைல காட்டச் சொன்னாவ."

போட்டுப் பார்த்தேன். படம் இல்லாமல் இல்லை. நிறைய புகைப்படங்கள் இருந்தன. மாலை போட்ட ஒரு ஆளின் போட்டோ, குத்துவிளக்கு, பந்தலில் பந்தி, இலை. பதினாறாம் நாள் விசேஷத்தில் எடுத்தவை. வீடியோ மட்டும் இல்லை.

"இது விசேஷ போட்டோல்லா கெடக்கு? நீங்க கேக்குதது என்ன வீடியோம்மா?"

அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்றவர்தான் சொன்னார். அவர் அந்த அம்மாவின் இறந்துபோன புருஷனுக்குத் தம்பி.

அவருடைய அண்ணன் அந்த வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, காளி வேஷம் கட்டியிருந்தார். வேஷக்காரர் செட்டோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு நாள் செட்டை விட்டுத் தனியாக, வேஷத்தோடேயே வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் லாரி அடித்துவிட்டது. எதிரே இருந்த உரக்கடையின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மறுநாள் கடையில் கூட்டம் கூடி அதை ஓட்டியிருக்கிறார்கள். லாரி படத்தில் வருவதற்கு முன்னாலேயே, "ஐயோ, போதும், நிறுத்து" என்று யாரோ கத்த, அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நின்றுபோன திரையை இன்னொருவர் செல்போனில் போட்டோ எடுத்தார். அது ஊர் முழுக்கப் போனது.

தம்பி தன் செல்லில் அதை எனக்குக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே காட்டினார். சிவப்புச் சேலை, சடாமுடி, வெளியே தொங்குகிற நாக்கு. இரண்டு கையும் வானத்தைப் பார்க்கத் தூக்கியிருந்தன. ஒரு கால் ரோட்டில்.

"சாமியாட்டம் வந்து ரோட்டுல பாஞ்சுட்டான்னு ஊருல பேசுதாவ. அம்மனே இழுத்துக்கிட்டான்னு..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க கொழுந்தரே. என்னைய வச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றாள் அவள். அவர் சொல்லாததால் அவளே சொன்னாள். "விரதத்துல வீட்டுல சுத்தமில்லன்னு சொல்லுதாவ, அண்ணாச்சி. பிள்ளைக்குக் காச்சல். பயந்துபோயி போனப் போட்டு வாங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். மாலை போட்ட ஆளை வீட்டுக்குக் கூப்பிடலாமா, அதான் அம்மனுக்குக் கோவம் வந்துட்டு, இவதான் புருசனத் தின்னுட்டாங்காவ. எங்க மாமியா மக வீட்டுக்குப் போயி உக்காந்துட்டாவ. பள்ளிக்கூடத்துல எம்மவகிட்ட உங்கப்பாவ அம்மன் தள்ளிவிட்டுட்டான்னு சொல்லுதுவ, ஒண்ணாப்பு படிக்கிற பிள்ள அது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

வீடியோ என்ன ஆயிற்று என்று கேட்டேன். உரக்கடை எந்திரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அது போய்விட்டது. அழிவதற்கு முன்னால் ஊர்ப்பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் அதை இந்த சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டில் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? பீரோவில் வைத்திருந்தார்கள். பதினாறு முடிந்ததும் தம்பி அதே சிடியை எடுத்துக்கொண்டு அதே ஸ்டுடியோவுக்குப் போய், விசேஷப் படங்களையும் இதிலேயே போடச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்கு இதுலயே போடச் சொன்னீய?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு சிடி எதுக்கு அண்ணாச்சி? எங்க அண்ணன் காரியம் எல்லாம் ஒண்ணா ஒரு இடத்துல கெடக்கட்டுமேன்னுதான். இடமும் நெறையக் கெடந்துச்சு."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செத்தவருடைய வேட்டி, கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கிற வீடுகள்தானே நம்முடையவை.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். சிடியில் எழுதுவது உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளியே வெளியே போகும். ஒரு தடவை எழுதி முடித்தால் அது ஒரு செஷன். அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கூடவே எழுதப்படும். சிடியை மூடாமல் விட்டால், மிச்ச இடத்தில் பிறகு இன்னொரு செஷன் எழுதலாம். அப்போது பழைய பட்டியலையும் புதிய பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடிக்க மறந்தால், கம்ப்யூட்டர் கடைசிப் பட்டியலை மட்டும்தான் படிக்கும். முதலில் எழுதியது அழியாது. ரேஷன் கடைப் பட்டியலில் பேர் விட்டுப்போன ஆள் மாதிரி, வீட்டில் உயிரோடுதான் இருப்பார், கணக்கில் இருக்க மாட்டார்.

இது எனக்கும் அன்றைக்கு முழுசாகத் தெரியாது. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். பழைய சிடிகளில் வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி, தொலைத்து, தேடிப் பழகினேன். அட்வான்ஸ்டு பக்கத்தில் 'செஷனைத் தேர்ந்தெடு' என்று ஒரு வரி இருந்தது. அவர்களுடைய சிடியைப் போட்டு அதை அழுத்தியதும் இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவதில் போட்டோக்கள். முதலாவதில் ஒரே ஒரு ஃபைல்.

மாலை போட்ட அந்த முகத்துக்கு அடியில், அதே தட்டில், அந்த ஆள் இன்னும் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். மத்தியான வெயில் கடைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கப் பார்த்தேன், பாதிக்கு மேல் வந்து நின்றுவிட்டது. அந்த ஸ்டுடியோக்காரர் அவசரத்தில் அதிக வேகத்தில் எழுதியிருக்க வேண்டும். படிக்கிற வேகத்தையும் குறைக்கலாம் என்று அந்தப் பக்கத்தில்தான் கண்டேன். இருப்பதிலேயே குறைந்ததை வைத்தேன். ரைட்டர் முனகிக்கொண்டே, பைய பைய, ஒவ்வொரு பங்காக எடுத்தது. நின்றுபோன இடம் வந்ததும் முனகல் மாறியது. தடவித் தடவி யாரோ இருட்டில் நடப்பது போல. நான் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தாண்டிவிட்டது. முழு ஃபைலும் வந்துவிட்டது.

நான் ஓட்டிப் பார்க்கவில்லை. வெரிஃபை மட்டும் பார்த்தேன். சரி என்று சொல்லியது.

அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை தம்பி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். அவள் சிடி உறையைத் தொடாமல் கேட்டாள்.

"அண்ணாச்சி பாத்துட்டியளா?"

"இல்லம்மா. நான் எந்தப் படத்தையும் பாக்குததில்ல."

"எனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியணும். ஆனா என் கண்ணால பாக்க முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

தம்பியைப் பார்த்தேன். "என்னால ஆகாது அண்ணாச்சி. எங்க அண்ணன்லா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வக்கீலையே பாக்கச் சொல்லலாம்மா..."

"வக்கீலு லாரியப் பாப்பாவ. நீங்க அவியளப் பாருங்க."

அவள் நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முதுகும் பின்கொண்டையும்தான் எனக்குத் தெரிந்தன. வேறு வழியில்லாமல் ஓட்டினேன்.

"என்ன செய்யுதாவ?" என்றாள்.

"வேப்பமரத்தடியில நிக்குதாரு. சூலாயுதத்த மரத்துல சாத்தி வச்சிருக்காரு. கிரீடத்த ஒரு கையால புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பிடரியச் சொறியுதாரு."

"அது கனம். காலைலேருந்து வச்சிருந்தா பின்ன?" என்றாள், அவர் எதிரே நிற்பது போல.

"ஒரு பொம்பள கைப்பிள்ளையோட வாராவ. பிள்ளை பயந்து அழுது. இவரு நாக்கக் கழத்திட்டு, சிரிச்சுக் காட்டுதாரு. குங்குமம் வச்சு விடுதாரு. காணிக்கை போட வந்தத வேண்டாங்காரு."

"பிள்ளைக்காரிகிட்ட வாங்க மாட்டாவ."

"இப்ப பழையபடி நாக்க மாட்டிக்கிட்டாரு. ரோட்டப் பாக்காரு. கை காட்டுதாரு, ஒரு கை. பஸ்ஸு போல. நிக்கல போல. இப்ப ரெண்டு கையும் தூக்குதாரு. ஒரு கால கீழ வைக்காரு."

போட்டோவில் இருந்தது இந்த இடம்தான். எல்லாரும் நிறுத்திய இடம். நானும் நிறுத்தியிருப்பேன். என் விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. திரையில் அவர் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நிற்பது போல இருந்தது. அவள் முதுகு அசையவில்லை. நான் விரலை எடுத்துவிட்டேன்.

"பஸ்ஸு வேகத்தக் குறைக்குது. படத்து ஓரத்துல முன்பக்கம் தெரியுது. இவரு கையக் கீழ போட்டுட்டாரு. ஓடிப்போயி சூலாயுதத்த எடுக்காரு. திரும்ப வாராரு. குனிஞ்சு... சேலைய, முன்கொசுவத்த, இடது கையால தூக்கிப் புடிக்காரு. படியில ஏறுததுக்கு..."

அதற்குமேல் வந்ததை நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு இடப்பக்கமாக, வரக்கூடாத பக்கமாக, அந்த லாரி வந்தது. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

"போதும்மா" என்றேன். "ஆட்டமெல்லாம் இல்ல. பஸ்ஸுல ஏறப் போயிருக்காரு."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தாள். நான் பயந்துபோனேன்.

"வேசம் கட்டுன மொத நாளு பஸ்ஸுல ஏறும்போது சேல தடுக்கி முட்டிய உடைச்சிக்கிட்டாவ. ஊரே சிரிச்சுது. வீட்டுல வச்சு ஒரு முக்காலிமேல ஏறச் சொல்லி நான்தான் பழக்கி விட்டேன், இந்தா இப்படிப் புடிக்கணும்னு. அவியளுக்கு வெக்கமான வெக்கம்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தம்பி சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அண்ணாச்சி, சேலையத் தூக்கிப் புடிச்சான்னு சொன்னது நெசந்தானா? மதினிக்காவச் சொல்லலியே?"

"எனக்கு எதுக்கு வே பொய்? நீரே வந்து பாரும்."

சொன்ன பிறகு கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. அவர் எழுந்து வந்தார். அவள் மட்டும் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டாள். நான் முதலிலிருந்து ஓட்டினேன். பிள்ளைக்குக் குங்குமம் வைக்கிற இடத்தில் அவர் முகம் கோணியது. கொசுவத்தைப் பிடிக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் திரையின் மேல் விரலை வைத்து, அந்த இடது கையைத் தொட்டார். என் திரையில் அந்த விரல் அடையாளம் ரொம்ப நாள் இருந்தது. நான் துடைக்கவில்லை, தூசி படிந்து அதுவாகப் போயிற்று.

கோர்ட்டுக்கு வேண்டிய சிடியை அவர்கள் முன்னாலேயே போட்டேன். குறைந்த வேகம். ஒரே செஷன். வெரிஃபை. கடைசிக் கட்டத்தில் 'மூடு'. இதற்குமேல் இதில் யாரும் எதையும் சேர்க்க முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். பதினாறாம் நாள் படங்களைத் தனியாக இன்னொன்றில் போட்டுக் கொடுத்தேன்.

தம்பி செல்லை எடுத்தார். "அண்ணாச்சி, அந்தப் படத்த இதுல ஏத்தி விடுங்க. அன்னைக்கு அந்த போட்டோவ அனுப்புன பயலுவளுக்கெல்லாம் நான் அனுப்புதேன். பாக்கட்டும்."

"வேண்டாம்" என்றாள் அவள் வாசலிலிருந்து. "அவிய சாவுதத ஊரு இன்னொரு தரம் உக்காந்து பாக்கணுமா?"

"பின்ன எப்படி மதினி நம்புவானுவ?"

"நீங்க பாத்துட்டியள்ள? நீங்க சொல்லுங்க. கோயில் முன்னால வச்சு, உங்க வாயால சொல்லுங்க. உங்க அம்மைக்கும் சொல்லுங்க."

அவர் செல்லில் எதையோ தட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதிலிருந்த பழைய போட்டோவை அழித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

"சரி மதினி, சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவீய?"

"ஆட்டம் வரல, பஸ்ஸுக்குத்தான் கை காட்டுனாவன்னு சொல்லுதேன்."

"பிள்ளைக்குக் காச்சல்னு நான் கூப்பிட்டேன், வீட்டுக்கு வரதுக்குக் கை காட்டுனாவன்னு சொல்லுங்க. நான் கூப்பிட்டத விட்டுறாதீய."

தம்பி தலையை ஆட்டினார். அவள் சிடி இரண்டையும் வாங்கித் தனித்தனியாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.